யாருக்கோ நான் வரைந்த வீடு

கல்முனையில் வீடுகளுக்குப் பிளான் வரைவது என் தொழில். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அதனால், இரண்டு வருடமாக நான் விரும்பியவர், வேலைக்குப் போயிருந்த கட்டாரிலிருந்து, "நமக்கொரு வீட்டுப் பிளான் கீறு" என்றபோது, அது என் வீடு என்றே நம்பினேன்.

சமைக்கிற குசினியை மாற்று, பல்கனி வை, படியைத் திருப்பு என்று ஏழு திருத்தங்கள் சொன்னார். ஏழையும் திகதியோடு குறித்துக்கொண்டு வரைந்தேன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும் மறுத்தேன்.

ஒரு நாள் மருதமுனையிலிருந்து வீடு கட்டும் மேசன் ஒருவர் வந்து தாளை விரித்தார். "தங்கச்சி, இந்தப் படியில ஏறினா தலை இடிக்கும், ஒருக்காப் பாருங்க."

அது என் பிளான்.

"ஆருட வீடு காக்கா?"

"மாப்பிள்ளை கட்டார்ல. பொண்ணுட வாப்பா அவசரப்படுத்துறாரு. பெருநாள் முடியக் கலியாணம்."

உடனே கட்டாருக்கு அழைத்தேன். "உம்மாட விருப்பம், நான் என்ன செய்ய? நீ நல்லாக் கீறுவாய்தானே" என்றார். பாராட்டு வேறு!

படியைத் திருத்திக் கொடுத்தேன். அந்த வீட்டில் ஏறி இறங்கப்போகும் பெண் எனக்கு என்ன செய்தாள்?

இப்போது எந்த ஆண் பிளான் கேட்டு வந்தாலும், காணி உறுதிப் பத்திரத்தையும் கலியாணப் பெண்ணையும் நேரில் பார்த்த பிறகே வரையத் தொடங்குகிறேன்.