பேச்சியம்மாள் சித்தி தேடிக் கொடுத்த வாஷர்

சித்தி இறந்த செய்தி சித்தியின் போனிலிருந்துதான் வந்தது. "சொல்லு பேச்சி" என்று அம்மா எடுத்தார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் இந்தியில் பேசியது. இந்த நம்பர் 'அக்கா' என்று இருக்கிறது, நீங்கள் யார் என்று கேட்டது. அம்மாவுக்கு இந்தி நன்றாக வரும். ஆனாலும் போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்பை அணைத்தார். தாணேக்கு முன்னால் ஓடும் ரயிலின் வாசலிலிருந்து சித்தி விழுந்துவிட்டார் என்பதை நான்தான் கேட்டேன். நான்தான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

பேச்சியம்மாள் சித்தி என் அம்மாவின் தங்கை; முன்பு எங்கள் வீட்டிலேயே இருந்தார். தாராவியில் குக்கருக்கும் குழாய்க்கும் ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். அங்குள்ள அக்காமார் தங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா சொன்னார்: "அந்தத் துப்பாக்கிதான் அவளக் கொன்னுட்டு. அதுக்குச் சாமான் தேடி அலைஞ்சே செத்தா." எல்லோரும் தலையாட்டினார்கள். அது உண்மையில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தத் துப்பாக்கியை விற்கப் போகிறார். விற்றுவிட்டால் அப்பா சொன்னதுதான் நிலைக்கும்.

துப்பாக்கி என்றால் பயப்பட வேண்டாம். அது போட்டிக்கான ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் சுடும், பத்து மீட்டரில் அட்டையில் ஓட்டை போடும், அவ்வளவுதான். பள்ளியிலிருந்து எங்களைச் செம்பூரில் ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனபோது நான் நன்றாகச் சுட்டேன். சொந்தமாக பிஸ்டல் இருந்தால்தான் தொடர்ந்து பழக முடியும் என்றார்கள். வீட்டுக்கு வந்து நான் வாயே திறக்கவில்லை. என் தோழி சொல்லித்தான் சித்திக்குத் தெரிந்தது. தன் சீட்டுப் பணத்தை எடுத்து, ஒருவர் பயன்படுத்திய பழைய பிஸ்டலை வாங்கி, மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வந்தார். எதற்குச் சித்தி என்று கேட்டேன்.

"ஏட்டி, ஒன் கை நடுங்கல. ஒங்க அப்பா சத்தத்துல இந்த வீட்ல எல்லாருக்கும் நடுங்குது. ஒனக்கு அதப் பிடிச்சா நடுங்கல. அது போதும்."

ஒரு மாதத்தில் பிஸ்டல் காற்றை விட ஆரம்பித்தது. கிளப்பில் நிரப்பிக்கொண்டு வருவோம். காலையில் மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடக்கும். அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்துதான் உதிரிச் சாமான் வர வேண்டும், வருவது உறுதியில்லை என்றார்கள். சித்தி காற்று அடைக்கும் சிலிண்டர்தான் கெட்டுவிட்டது என்று முதலில் ஒரே பிடியாக நின்றார். பிறகு குளிக்கிற சோப்பை நுரைத்துப் பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவினார். சிலிண்டர் பிஸ்டலோடு சேரும் இடத்தில் ஒரு குமிழி மெதுவாகப் பெரிதானது. "சிலிண்டர் மேல அநியாயமாப் பழி போட்டுட்டேம்ட்டி" என்றார். உள்ளே இருந்த வாஷர் வெடித்திருந்தது. தன் பட்டறையிலிருந்து ஒவ்வொரு அளவிலும் வாஷர் கொண்டு வந்து போட்டுப் பார்த்தார். ஒன்று பிதுங்கியது, ஒன்று அன்றைக்கே நைந்தது. "குக்கருக்கு விசில் அடிக்கத் தெரியும், இதுக்கு அடிக்கத் தெரியல" என்று சிரித்தார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் காலை நீட்டவே இடமில்லை, இதில் சோப்பு நுரையும் துப்பாக்கியுமா என்று ஒரு நாள் சந்துக்கே கேட்கும்படி கத்தினார். "ஏய் பேச்சி, ஒண்ணு அந்தச் சனியன் போவணும். இல்ல நீ போவணும்."

மறுநாள் காலை சித்தி தன் துணிகளை ஒரு பையில் அடுக்கினார். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்கும்படி வாசலில் நின்று சொன்னார்: "அத்தான், நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு போவுது. ஒண்ணு இருக்கட்டும்."

அத்தனை பேர் முன்னால் அப்பாவால் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. சித்தி, ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் அம்பர்நாத்தில் அறை எடுத்தார். அங்கேதான் அவருக்குக் கட்டுப்படியானது. அன்றிலிருந்துதான், பட்டறைக்குப் பக்கத்துச் சயான் ஸ்டேஷனிலிருந்து அந்த மாலை ரயில். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பெண்கள் பெட்டியின் வாசலில் தொங்கிய பயணம் அன்றுதான் தொடங்கியது. பதினாறாம் நாள் இதை யாரும் சொல்லவில்லை. குழாயடியில் நின்ற பெண்களும் வந்திருந்தார்கள், அவர்களும் தலையாட்டினார்கள்.

அம்பர்நாத்துக்குப் போன பிறகும் சித்தி விடவில்லை. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் அதே மாடல் பிஸ்டல் சும்மா இருப்பதாகக் கிளப்பில் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிப் போனார். அந்த வீட்டுப் பையன் வெளிநாடு போய்விட்டான். பிஸ்டல் அவன் வாங்கிய கோப்பைகளோடு கண்ணாடி அலமாரியில் இருந்தது. அவன் அப்பா தயங்கினார்.

"ஷோகேஸ்ல அழகா நிக்கறது. அதைப் போய்க் கழட்டணும்கறேளே?"

"ஐயா, ஷோகேஸ்ல நிக்கறதுக்குக் காத்து எதுக்கு?" என்றார் சித்தி.

அவர் உள்ளே திரும்பி, "கேட்டியா இவா சொல்றதை?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, சாவியை எடுத்து வந்தார். சித்தி அந்த வாஷரைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கிளப்பில் அதைப் போட்டுக் காற்று நிரப்பினோம். அன்று இரவு எங்கள் பிஸ்டலின் முள் நகரவில்லை. காலையிலும் நகரவில்லை. சித்தி போனில், "முள்ளு நிக்கா?" என்று மட்டும் கேட்டார். நிற்கிறது என்றேன். "அப்ப சுடு" என்று வைத்துவிட்டார்.

சித்தி விழுந்தது அதற்கு மூன்று வாரங்கள் கழித்து. அப்போது தேடுவதற்குச் சாமான் எதுவும் இல்லை. பட்டறை முடிந்து, அப்பா அனுப்பிய அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். போலீஸ் கொடுத்த பையில் சாப்பாட்டு டப்பாவும் சீப்பும்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வருபவர் திலக் நகர்க்காரர். பம்ப்பையும் கொண்டு வந்து சோதிப்பாராம். "ஹவா டிகேகா தோ லேங்கே, நஹீ தோ நஹீ" என்று அப்பாவிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. காற்று நின்றால் வாங்குவார், நிற்காவிட்டால் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா புரண்டு படுத்தாலே பேனாவை ஒளித்துக்கொள்கிறேன். ஆனாலும் சற்று முன்னால் சிலிண்டரைத் திருகி எடுத்து அந்த வாஷரைக் கழற்றிவிட்டேன். அதன் இடத்தில் பழைய, வெடித்ததைப் போட்டேன். நல்லது என் ஜியாமெட்ரி பாக்ஸில், ரப்பருக்கு அடியில் இருக்கிறது. அக்காமாரே, இதை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாசியுங்கள். வாஷரை மாற்றியதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனால் சித்தி ஏன் அந்த ரயிலில் போனார் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

சித்தி, கழற்றும்போது என் கை நடுங்கவில்லை. போய் வாருங்கள். ஒன்று போய்விட்டது. ஒன்று இருக்கும்.