பம்பரத்தின் பாத அளவு

பாலே நடனக் குழுவின் ஷூ அறை என் ராஜ்ஜியம். கேட்காமல் ஒரு ரிப்பனைத் தொட்டாலும் கத்துவேன். பத்தொன்பது வருஷமாகக் கத்துகிறேன், ஒருவரும் திருந்தியபாடில்லை.

அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். ஒற்றைக்கால் விரல்நுனியில் முப்பத்திரண்டு சுற்று அசராமல் சுற்றுவாள். பிரசவத்துக்குப் போனவள், மகளுக்கு ஏழு மாதம் ஆனதும் திரும்பி வந்தாள். அதற்குள் அவளுடைய முதன்மை வேடம் வேறொருத்தியிடம் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆடிக் காட்டு. முப்பத்திரண்டும் வந்தா வேஷம் உனக்கு. இல்லைன்னா அவளே ஆடட்டும்" என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வாரம் முழுக்கச் சுற்றினாள். பன்னிரண்டில் தடுமாறும், பதினைந்தில் குதிகால் இறங்கிவிடும். நடுவில் உடைமாற்றும் அறைக்கு ஓடி, புருஷன் தூக்கிவந்த மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடிவருவாள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தூக்கம் போதவில்லையாம், வயிற்றில் பலம் இல்லையாம். பிள்ளை பெற்றால் அவ்வளவுதான் என்றது ஒரு வாய். அந்த வாய்க்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை ஷூவைக் கழற்றி என் மேசைமேல் போட்டாள். உள்ளே ரத்தம். ரத்தம் இங்கே புதிதல்ல. ஆனால் அவளுடைய இரண்டு சுண்டுவிரலும் நசுங்கி மடங்கியிருந்தன.

"காலை நீட்டு, அளக்கணும்."

"பதினாறு வயசுலேருந்து ஒரே அளவுதான்க்கா. என் கால் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு கிழிச்ச. நீட்டுடி."

அரை நம்பர் கூடியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாதமும் விரியும். சிலருக்குப் பழையபடி சுருங்காது. இத்தனை வருஷம் இந்த அறையில் குப்பை கொட்டிய எனக்கு அது உறைக்கவில்லையே! பழைய அட்டையைப் பார்த்துப் பழைய அளவையே எடுத்துக் கொடுத்தவள் நான்தான். என்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவளோ அழுதாள். "இடுப்பு மாறிடுச்சு, தூக்கம் போச்சு. காலாவது பழசுன்னு நினைச்சேன். அதுவும் போச்சாக்கா?"

"போகலடி, வளர்ந்திருக்கு. மூக்கைச் சிந்திட்டு ஊசியை எடு."

புது ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு ஆட முடியாது. அடிப்பகுதியை வளைத்து, நுனியைத் தட்டிப் பதப்படுத்த வேண்டும்; ரிப்பனை ஆடுகிறவளே தன் கணுக்காலுக்கேற்பத் தைத்துக்கொள்ள வேண்டும். அவள் தைத்தாள், நான் சுத்தியலால் தட்டினேன். புருஷன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவ்வளவு சத்தத்திலும் அது சுகமாகத் தூங்கியது.

மறுநாள் மேடை ஓரத்தில் நின்று எண்ணினேன். பன்னிரண்டு. பதினைந்து. இருபத்தெட்டில் எனக்கு மூச்சே நின்றது. முப்பத்திரண்டு! நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

மாஸ்டர் கைதட்டிக்கொண்டே எழுந்தார். "வேஷம் உனக்குத்தான்! நாளையிலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஒத்திகை."

முன்பெல்லாம் இதற்குத் தலையாட்டிவிட்டு ஓடுகிறவள், அன்று இடுப்பில் கைவைத்து நிதானமாக மூச்சு வாங்கினாள்.

"காலையில எட்டுக்கே வந்துடறேன் மாஸ்டர். ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன். பொண்ணு காத்திருப்பா."

"அப்படின்னா அந்த வேஷம்..."

"என்னோடது. இப்பதானே சொன்னீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் ஒத்திகை அட்டவணையை எடுத்து, ஒன்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார்.