கல்யாண போட்டோவுக்கு அத்தை தேர்ந்தெடுத்த முகம்

ஒரு புருவம் வரைந்து முடிந்திருந்தது. இன்னொன்று இருக்க வேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருந்தது. என் மாமியாரை நினைத்தால், பிரேசர் டவுன் பார்லர் ஒன்றில் கண்ணாடி முன்னால் அப்படி உட்கார்ந்திருந்த கோலம்தான் முதலில் வருகிறது. அப்போது கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மேக்கப் ட்ரையல் எனக்குத்தான். "நானும் வரேன்" என்று மர்பி டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கிவிட்டார். கீமோ அவருடைய தலைமுடியையும் புருவத்தையும் கொண்டுபோயிருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கு வெளியே அந்த விஷயம் யாருக்கும் தெரியாது. முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டோடு கிடந்தார். வெளியே வந்தால் தலையில் விக். "கல்யாணத்துக்கு வர்றவங்க பொண்ணு மாப்பிள்ளைய பாக்கணும். என்னைப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போகக் கூடாது. போட்டோல நோவு தெரியாம பண்ணிவுடும்மா" என்று மேக்கப் அக்காவிடம் சொன்னார்.

அது பாதிக் காரணம்தான். மீதியையும் அவரே சொன்னார். அவருடைய கல்யாணத்தில் சொந்தக்காரி ஒருத்தி பவுடரை அள்ளி அப்பியதில், ஆல்பம் முழுக்க வெள்ளை முகமும் கறுத்த கழுத்துமாக நிற்பாராம். "சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருப்பேன். அந்த ஆல்பத்த யாருக்கும் காட்டுனதே இல்ல." அதற்கப்புறம் யார் கேமராவைத் தூக்கினாலும் சமையலறைக்குள் போய்விடுவாராம். இந்த ஒரு தடவையாவது நல்லதாக ஒரு படம் வேண்டும், தான் போன பிறகு சுவரில் மாட்டுவதற்கும் ஆகும் என்று, பால் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். மேக்கப் அக்கா பிரஷ்ஷைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

முதலில் போட்ட பூச்சு கண்ணாடியில் அருமையாகத்தான் இருந்தது. அத்தையின் போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பார்த்தால் முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. "ஐயையோ, திரும்பவும் சுண்ணாம்பா!" என்று அத்தை கத்தியதில் பார்லரே திரும்பிப் பார்த்தது. வெயிலுக்குப் பூசும் கிரீமும் மேலே தூவும் வெள்ளைப் பவுடரும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்றார் மேக்கப் அக்கா. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அவருடைய மாநிறத்துக்கே பொருந்தும் பூச்சு, கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து. புருவத்தை ஒரே கோடாக இழுக்காமல் மயிர் மயிராக வரைந்தார். பளபளப்பு வேண்டாம், மண்டப விளக்கில் எண்ணெய் வழிவதுபோல் தெரியும் என்று அதை ஒதுக்கினார். ஜன்னலோரம் ஒரு படம், விளக்கடியில் ஒரு படம் என்று எடுத்து எடுத்துப் பார்த்ததில் என் ட்ரையல் அரைகுறையாக நின்றது. மணப்பெண் நீங்களா நானா என்று கேட்டேன். அத்தை சிரிக்கவில்லை. கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் நொடி தெரியாத, களையான ஒரு பெண்மணி அதில் இருந்தார். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அதை மட்டும் போனில் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் வீடு வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட நானும் மர்பி டவுனுக்குப் போனேன். அந்த வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். அந்த வீட்டுக்கு மருமகள் வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டம்மா அத்தையை நிறுத்தி, "கல்லு மாதிரி இருந்த மனுசன்க்கா. அவ கால் வெச்ச நேரம், பொசுக்குனு போயிட்டாரு" என்றார். அந்தப் பெண் எதிர்வாசலில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்கக்கூட அன்று மறந்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலை அல்சூர் மண்டபத்தில் என் மேக்கப் முடிந்து, அடுத்த நாற்காலி அத்தைக்காகக் காத்திருந்தது. பட்டுப் புடவையில் வந்தார். விக் இல்லை, புருவம் இல்லை, தலையில் ஒரு பருத்தித் துணி. முகத்தைக் கழுவி விபூதி மட்டும் இட்டிருந்தார்.

"உக்காருங்கம்மா, நேரமாச்சு" என்று பதறினார் மேக்கப் அக்கா.

"பேடா" என்று கன்னடத்தில் தடுத்தார். "எனக்கு வேணாம்."

"அத்தை, எல்லாரும் பாப்பாங்களே" என்றேன்.

"பாக்கட்டும், அதுக்குத்தான். இன்னிக்கி நான் ஜம்முனு நின்னுட்டு, நாளைக்குப் போய்ச் சேந்தா பழி யார் மேல வரும்? உன் கால் மேல. நீ வர்றதுக்கு முன்னாடியே நான் இப்படித்தான்னு ஊரு பாக்கட்டும். போட்டோலயும் இருக்கட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. மேக்கப் அக்கா என் கண்ணுக்கடியில் டிஷ்யூவை வைத்து அழுத்தினார். "அழாத கண்ணு, மை கரைஞ்சா போட்டோ கெட்டுடும்" என்றார் அத்தை.

மேடைக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்களை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள். அவர் பயந்தபடியே உச்சுக் கொட்டினார்கள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும், "எனக்கு கேன்சரு, ஒரு வருசமா இருக்குது" என்று தானாகவே சொன்னார். கம்ப்யூட்டரில் சரிசெய்து தருவதாகப் போட்டோகிராஃபர் காதோரம் வந்து சொன்னார். "ஒண்ணும் தொடாதப்பா. இருக்கற மாதிரியே குடு" என்றுவிட்டு என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

தலை தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். மாலை போடுவதற்குப் படம் தேடியபோது பார்லரில் எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய போன் முழுக்கத் துழாவியும் அது இல்லை. கணவர்தான் சொன்னார்: "அத அம்மா கல்யாணத்துக்கு முந்தின நாளே அழிச்சிட்டாங்க. எவளாவது பாத்துட்டு, நல்லா இருந்தவங்கதானேன்னு உன்னைப் பேசுவான்னாங்க." கல்யாணப் படத்தையே வெட்டி மாட்டினோம். சாவு வீட்டில் பக்கத்து வீட்டம்மா, "மருமக வந்து..." என்று ஆரம்பித்தார். சொந்தத்தில் ஒரு பெரியவர், "சும்மா இரும்மா, கல்யாணத்துலயே பாத்தோமில்ல, அப்பவே அந்த நிலைமை" என்று வாயை அடைத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தப் படம் எங்கள் ஹாலில் இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் முகம் மாறி, அவங்களோட வேற நல்ல போட்டோ ஏதும் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்வேன். ஆயுசு முழுக்க ஆசைப்பட்டு அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அதையும் எனக்காக அழித்துவிட்டார்.