லிஃப்டில் ஒட்டிய காதுகுத்து

சங்கரன்கோவிலில் பிறந்து ஜெர்மனிக்கு வாழ வந்த கனகலட்சுமிக்கு நாலு வருஷத்தில் இரண்டு தொல்லைகள்தான் நிலைத்தன. ஒன்று, கீழ்வீட்டு ஹெல்முட் கிழவர். மிக்ஸி ஓடினாலும் மேலே ஏறி வந்து மணியடிப்பார். மற்றது, அந்த நகரத்து நெல்லைக்காரர்கள். மொத்தமே ஆறு குடும்பம். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு தலைவர், ஒரு செயலாளர், வருஷத்துக்கு இரண்டு மனஸ்தாபம். கிழவரையாவது சமாளிக்கலாம், அவருடைய சட்டம் எழுத்தில் இருக்கிறது.

மகள் கோமதிக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. ஊரிலிருக்கும் தம்பி செல்வக்குமாருக்கு விசா கிடைக்கவில்லை. தாய்மாமன் மடியில் வைக்காமல் குத்தினால் மாமியார் பேச்சித்தாய் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். அதனால் அதே கட்டிடத்தின் முதல் மாடியிலிருக்கும், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துத் திருவேங்கடத்துக்காரர் சங்கரபாண்டிக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் மாமனா உக்காரணும். முறையா வந்து சொல்லுதேன்."

"உக்காந்துட்டாப் போச்சு தாயி," என்றார் அவர்.

முறை என்றால் வெற்றிலை பாக்கு. அது தமிழ்க் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஆணி அடித்தாலே குற்றம். விசேஷம் என்றால் முன்கூட்டியே லிஃப்டில் எழுதி ஒட்டுவது வழக்கம். கணவன் நல்லகண்ணு பயந்த சுபாவம், புதன்கிழமையே ஒட்டிவிட்டான். 'அண்டை வீட்டாருக்கு, ஞாயிறு பதினொரு மணிக்கு எங்கள் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை அழும், பொறுத்துக்கொள்ளுங்கள். விரும்பினால் வாருங்கள்.'

வெள்ளிக்கிழமை தாம்பாளத்தோடு போனபோது சங்கரபாண்டியின் மனைவி தங்கத்தாய் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மாமனுக்கு லிஃப்டுல நோட்டீஸா ஒட்டுதீய? நாய் ஏறுத லிஃப்டு. வெத்தலையையும் அதுலயே கொண்டு வையிங்க."

"மதினி, அது வெள்ளக்காரங்களுக்கு ஒட்டினது..."

"எங்களுக்கு இல்லன்னு அதுல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லைதான். கனகலட்சுமி மாடியேறுவதற்குள் நோட்டீஸின் படம் குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு குடும்பம் சங்கரபாண்டி பக்கம் சாய்ந்தது. மற்ற இரண்டும் நடுநிலை. நடுநிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல்.

அன்றைக்கு இருபத்தைந்து பேருக்குச் செய்த பிரியாணி மூடியபடி இருந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை. ஊசியோடு உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, பன்னிரண்டுக்கு எமகண்டம். மாமன் எங்க?"

அப்போது மணியடித்தது. மனசு இளகி அண்ணாச்சிதான் வந்துவிட்டார் என்று ஓடிப்போய்த் திறந்தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் பூந்தொட்டியோடு ஹெல்முட் கிழவர்.

"சத்தம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். முக்கால் மணி நேரமாக ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"

கனகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு குடும்பத்துக் குழுவில், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல நேரத்தை வீணாக்க மனசில்லை. கிழவரைக் கையோடு இழுத்து வந்து பாயில் உட்காரவைத்து, தோளில் புதுத் துண்டைப் போட்டு, கோமதியை மடியில் ஏற்றினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் குழந்தையின் தலையைப் பக்குவமாகப் பிடித்துக்கொண்டார்.

ஊசி இறங்கியது. கோமதி போட்ட கூச்சல் முதல் மாடிவரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கனகலட்சுமியும் நினைத்தாள். சங்கரன்கோவிலிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் போனுக்குள் மூக்கை நுழைத்தாள்.

"ஏட்டி, அந்த வெள்ளக்காரரு எந்த முறையில மாமன்?"

"வந்துட்டாருல்லா அத்தை, அந்த முறையிலதான்."