‘வருவார்’ என்ற பொத்தான்

ஃபர்ஹானா பார்த்துக்கொள்ளும் இணையதளத்தில் இரண்டே பொத்தான்கள். ஒன்று ‘வருவார்’, மற்றொன்று ‘வந்தாச்சு’. கட்டுமாவடியில் படகு கடலில் இறங்கியதும் வீட்டுப் பெண்கள் முதல் பொத்தானை அமுக்கி, திரும்பும் நேரத்தைப் போடுவார்கள். கரை சேர்ந்ததும் இரண்டாவது பொத்தான். போட்ட நேரம் தாண்டியும் ‘வந்தாச்சு’ அமுக்கப்படாவிட்டால் எல்லாப் படகுக்காரர்களின் போனுக்கும் வீட்டுப் பெண்களின் போனுக்கும் செய்தி போகும். இன்ஜின் நின்று மிதந்த ஒரு படகை முன்பு அந்தச் செய்திதான் மீட்டுத் தந்தது.

அந்தத் தளத்தை எழுதியவன் அவள் அண்ணன் அர்ஷத், கல்லூரியில் படித்தபோது. முதல் பொத்தானுக்கு ‘போயாச்சு’ என்றுதான் பெயர் வைத்திருந்தான். ஒருத்தியும் அதைத் தொடவில்லை. “கடலுக்குப் போன மனுசனப் போயாச்சுன்னு எவளாச்சும் சொல்லுவாளா?” என்று அம்மா ரம்லத் பீவி திட்டிய அன்றே அவசரமாக மாற்றினான். பிறகு அவன் கத்தாருக்குப் போக, கணினி அறிவியல் படித்துவிட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஃபர்ஹானாவிடம் தளம் வந்து சேர்ந்தது.

பலருடைய தளங்களை ஒரே சர்வரில் வாடகைக்கு வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தளம் ஓடிக்கொண்டிருந்த பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பு மிகப் பழையது, சீக்கிரம் புதியதற்கு மாறுங்கள் என்றது. அர்ஷத்துக்கு போன் போட்டாள்.

“நல்லாத்தானே ஓடுது. அதப் போயி எதுக்கு நோண்டுற? கூடக் கொஞ்சம் கட்டுனா பழசையே விட்டு வைப்பான்.”

“போன மாசம் நம்ம பக்கத்துல சூதாட்ட விளம்பரம் வந்துச்சுண்ணே. எவனோ உள்ள நொழஞ்சிருக்கான். ஊர்ப் பொம்பளைங்க நம்பர் பூரா அதுலதான் இருக்கு.”

“மாத்துறப்ப படுத்துக்கிச்சுன்னா? அன்னைக்குன்னு ஒரு படகு வரலன்னா?”

போனை வைத்துவிட்டு, தளத்தை நகலெடுத்து, தனியாக ஒரு இடத்தில் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்தாள். முதலில் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. வழக்கொழிந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு பொத்தான்களும் வேலை செய்யும்வரை கொண்டுவந்தாள். நிஜத் தளத்தை மாற்ற வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

“அத்தா, ஜும்ஆ தொழுகை நேரத்துல கடல்ல யாரும் இருக்க மாட்டாங்கள்ல?”

“இன்னைக்கு எவன் போவான்?” என்றார் அவள் தந்தை முகமது இப்ராஹிம், வெள்ளைச் சட்டையில் அத்தர் தடவியபடி.

திரையில் ஒரே ஒரு பெயருக்கு நேரே ‘வருவார்’ என்று இருந்தது: கீழத்தெரு ராக்கன். வியாழன் சாயங்காலம் போனவர். அவர் மனைவி அழகி, மீனை ஏலம் விட்டு வீடு திரும்பிய பிறகுதான் ‘வந்தாச்சு’ அமுக்குவாள். பல நாள் அதையும் மறந்துவிடுவாள். இன்றும் மறந்திருப்பாள் என்று நினைத்து, பன்னிரண்டு அடிக்கும் முன்பே ஃபர்ஹானா பதிப்பை மாற்றினாள்.

பக்கம் வந்தது. பெயர்கள் வந்தன. பொத்தான்கள் வேலை செய்தன. ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தபோது வாசலில் அழகி நின்றாள்.

“தங்கச்சி, மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

“எதுக்குக்கா?”

“அவரு இன்னும் வரல. பன்னெண்டு மணின்னு போட்டிருந்தேன். மெசேஜ் வரலையே, இன்னும் நேரமாகலபோலன்னு ஒலைய வச்சிட்டு ஒக்காந்திருந்தேன்.”

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு கிளிக் போதும், செய்தி போய்விடும். ஆனால் படகெடுத்துப் போகிறவர்களில் யார் பார்ப்பார்கள்? ஆண்கள் எல்லாரும் தொழுகையில். போன்கள் அணைந்து கிடக்கும். ராக்கனின் போனுக்கு இணைப்பு கிடைக்கவில்லை.

“நீ கம்ப்யூட்டர் பொட்டியப் பாரு. நான் பள்ளிவாசலுக்குப் போறேன்” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரம்லத் பீவி ஓடினாள்.

தொழுகை முடிந்ததும் மைக்கில் ராக்கனின் பெயர் கேட்டது. தெருவில் வெள்ளைச் சட்டைகள் கரையை நோக்கி ஓடின. ஃபர்ஹானா வரிவரியாக நிரலைத் தேடினாள். அழகி நிலைப்படியை விட்டு நகரவில்லை.

“நீதான் மாத்துனியா?”

“ஆமாக்கா.”

“பழசாவே விட்டிருக்கலாம்ல?”

கடைசியில் அந்த வரி கண்ணில் பட்டது. கடலில் இருந்தால் பூஜ்யம், கரைக்கு வந்தால் ஒன்று என்றுதான் அர்ஷத் முதலில் எழுதியிருந்தான். அம்மா திட்டிய அவசரத்தில், பூஜ்யத்தின் இடத்தில் ‘வருவார்’ என்ற சொல்லையே சேமிக்க வைத்துவிட்டான். எச்சரிக்கைச் செய்தியோ இன்னும் பூஜ்யத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பழைய பிஎச்பி, எண்ணோடு ஒப்பிடும்போது அந்தச் சொல்லையும் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டதால் இத்தனை வருடம் ஓடியது. புதியது அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அதன் கணக்கில் கடலில் யாருமே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது ராக்கனின் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் காற்றாடியில் வலை சுற்றி, நகர முடியாமல் கிடந்திருக்கிறது.

“மெசேஜ் பாத்துட்டுத்தான் வந்தியளா?” என்று ராக்கன் கேட்டார்.

“மெசேஜாவது ஒண்ணாவது. எம் பொண்டாட்டி பள்ளிவாசல்ல போட்ட சத்தத்துல வந்தோம்” என்றார் இப்ராஹிம். வெள்ளைச் சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது.

அழகி மணலில் நின்றபடியே ‘வந்தாச்சு’ அமுக்கினாள். அன்று மீனை இறக்கும் முன்பே.

“பழசுக்கே மாத்திரு” என்றான் அர்ஷத் போனில்.

“மாட்டேன். உள்ள நொழஞ்சவன் திரும்ப வருவான். நம்ம வரியத் திருத்திட்டேன். செய்தி போகுதான்னு பாக்காம விட்டதுதான் தப்பு.”

மறுநாள், தெருவெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, செய்தி போகிறதா என்று பார்க்க, கரையில் கட்டிக் கிடந்த அத்தாவின் படகுக்கு ‘வருவார்’ அமுக்கி, கால் மணியில் திரும்புவதாக நேரம் போட்டாள். “வீட்டுல இருக்க மனுசனுக்கு எதுக்குடி இது?” என்று அம்மா முணுமுணுத்தாள்.

இப்ராஹிம் சோற்றில் கை வைத்திருந்தார். ரம்லத் பீவியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் அடித்தது. ‘இப்ராஹிம் படகு இன்னும் வரவில்லை.’

ரம்லத் பீவி செய்தியைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் கணவரைப் பார்த்தாள். கரண்டியில் இருந்த குழம்பு தட்டுக்குப் போகவில்லை.

“மொதல்ல வந்தாச்சுன்னு அமுக்குடி” என்றாள்.

ஃபர்ஹானா அமுக்கினாள்.