குதிங்காலுக்குப் பின்னால் ஒரு வடம்

வேதாரண்யத்தில் எதிர்வீடு கண்ணுக்கு நேரே இருக்கும். இங்கே அந்தமானில், டாலிகஞ்சின் மலைச்சரிவில் அது தலைக்கு மேலே இருக்கிறது. அந்த வீட்டில் காயப்போட்ட புடவையின் தண்ணீர் எங்கள் தகரக் கூரையில் சொட்டும். வந்த ஆறாம் மாதம் ஒரு காலை, கட்டிலைவிட்டு இறங்கியதும் வலது குதிங்காலின் பின்புறம் கத்தியால் கீறியதுபோல் வலித்தது. உப்பளத்து வரப்புகளில் நடந்து பள்ளிக்கூடம் போன கால். சமதரையைத் தவிர வேறொன்றும் அறியாதது. விடுதி வரவேற்பறை வேலைக்குப் போகும் மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நரம்பு அறுந்துவிட்டது என்றே நம்பினேன். "ஊருக்கே போயிடலாங்க, கப்பல் டிக்கெட் எடுங்க" என்று கணவரிடம் அழுதேன். அவரும் எடுத்துவிட்டார்.

எதிர்வீட்டு மல்லிகா அக்காதான் டாக்டரிடம் கூட்டிப்போனார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அக்கா நிக்கோபாரின் கச்சால் தீவில் இருபது வருடம் ரப்பர் பால் எடுத்தவர். டாக்டர் வங்காளிப் பெண்மணி. என்னைப் பார்த்ததும், "ஏடி மே தர்த் ஹை?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"என்னக்கா, எடுத்த எடுப்புல ஏடிங்கறாங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்தியில ஏடின்னா குதிங்காலு புள்ள!"

டாக்டர் கேட்கக் கேட்க அக்கா தமிழில் சொன்னார். ஷூவின் பின்விளிம்பு உரசுகிறதா? வீட்டில் யாருக்காவது மூட்டுவாதம் உண்டா? திடீரென்று மேடு ஏறத் தொடங்கினாயா? பிறகு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைப் பிசைந்தார். நான் அசைக்காமலே என் பாதம் தானாக அசைந்தது! அறுந்திருந்தால் அசையாதாம். குதிங்காலுக்குப் பின்னால் இருப்பது நரம்பல்ல, உடம்பிலேயே தடித்த தசைநாணாம். மேடும், விடுதிக்காரர்கள் கொடுத்த விறைப்பான கறுப்பு ஷூவும் சேர்ந்து அதைப் புண்படுத்தியிருந்தன. இத்தனை வருடம் என்னைத் தூக்கிச் சுமந்த வடம் ஒன்று எனக்குப் பின்னாலேயே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயிற்சியைக் காட்ட, டாக்டர் அக்காவை ஒற்றைக்காலில் குதிங்காலைத் தூக்கி நிற்கச் சொன்னார். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சேலைக்குக் கீழே கெண்டைச்சதை கருங்கல்லாய் எழும்பியது. எனக்குக் கைகூப்பத் தோன்றியது. "மலையிலயே பொறந்து வளந்தது புள்ள, வேற ஒண்ணுமில்ல" என்றார் அக்கா.

டிக்கெட்டை ரத்து செய்தோம். மிருதுவான செருப்பு, சுவரைப் பிடித்துக் குதிங்காலை ஏற்றி இறக்கும் பயிற்சி என்று மூன்று மாதம். ஒருநாள் நிற்காமல் மேட்டின் உச்சிக்கு ஏறினேன். கீழே கடல் முழுதாகத் தெரிந்தது.

போன தையில் ஊருக்குப் போனபோது கடைத்தெருவில் தம்பி கேட்டான்: "ஏங்க்கா முன்னால சாஞ்சே நடக்குற?" நின்று பார்த்தேன். தெரு கோடுபோட்டதுபோல் சமமாகக் கிடந்தது. என் உடம்பு மட்டும் இல்லாத ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.