சிலுவையின் நிழல் விழவில்லை

சனிக்கிழமை, முற்பகல். மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆய்வகம். கேத்தோடு கதிர்க் குழாய்: ஒன்று. இயக்கியவர்: நான். முதல் முயற்சி: தோல்வி.

நடந்தவை இவ்வளவே. இனி விளக்கம்.

குழாய், என் மனைவி சரோஜா சொந்தமாக வாங்கி வைத்தது. ஓய்வு பெறும்வரை அவள் பாடம் நடத்திய பள்ளி அது. சென்ற தை மாதம் அவள் காலமானாள். இப்போது ஆய்வகத்தைப் புதுப்பிக்கிறார்கள். ஓடாத கருவிகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு.

“திங்கக்கெழமை லோடு ஏத்துறாங்க சார். ஓடுதுன்னு காட்டிட்டா நாங்களே வச்சுக்கிறோம்” என்றார் இப்போதைய ஆசிரியை முத்துலட்சுமி.

நான் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவன். காட்டுவதற்கென்ன? மச்சினன் ராசுவுடன் போனேன்.

சுவிட்சைப் போட்டேன். கண்ணாடி பச்சையாக ஒளிர்ந்தது. ஆனால், குழாய்க்குள் நிற்கும் உலோகச் சிலுவையின் நிழல் மறுமுனைக் கண்ணாடியில் விழ வேண்டுமே... விழவில்லை.

“எம்புட்டு வருசம் பாடம் எடுத்தீக மச்சான்! அக்கா இல்லாம ஒரு வயர் மாட்டத் தெரியலயே!” என்றான் ராசு. சொன்ன பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

உண்மைதான். எங்கள் வீட்டில் கொள்கை என் இலாகா. வயர் அவள் இலாகா. பல வீடுகளில் இப்படித்தானே?

யோசித்தேன். கதிர் எப்போதும் கேத்தோடு என்னும் எதிர்மின் முனையிலிருந்துதான் புறப்படும். நானோ முனைகளை மாற்றி இணைத்துச் சிலுவையையே கேத்தோடு ஆக்கியிருந்தேன். கதிர் கிளம்பும் இடமே அதுவானால், அதற்கு நிழல் ஏது?

மாற்றினேன். நிழல் விழுந்தது — கத்தரித்து ஒட்டியதுபோல். கதிர் நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? முத்துலட்சுமி ஒரு காந்தத்தை அருகே கொண்டுவந்தார். நிழல் நகர்ந்தது. ஒளியாக இருந்தால் நகராது. இவை மின்னூட்டம் கொண்ட துகள்கள். வளைந்த திசை, அது எதிர் மின்னூட்டம் என்றது.

“கேத்தோடுல வேற உலோகம் போட்டா வேற கதிர் வருமா டீச்சர்?” என்றான் ராசு.

“எதப் போட்டாலும் இதேதாண்ணே. எல்லாத்துக்குள்ளயும் இருக்குறது ஒரே எலக்ட்ரான்தான்.”

சரோஜாவும் இதை ஒரே வரியில்தான் சொல்வாள். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

குழாய் லோடில் ஏறாது. “அடுத்த வாரம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நானே ஓட்டிக் காட்டுறேன். நீங்களும் வாங்க சார்... வயரை மட்டும் தொடாதீங்க!” என்றார் முத்துலட்சுமி. வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்தேன்.

மிச்சமிருக்கும் வேலைகள்: குழாய்க்கு ஓர் உறை தைக்கக் கொடுப்பது. வயர் முனைகளில் கூட்டல், கழித்தல் குறி ஒட்டுவது. தை மாதத்திலிருந்து பூட்டியே கிடக்கும் சரோஜாவின் பீரோவைத் திறப்பது.